காளீஸ்வரியின் தோல்

மகாராஜபுரத்துக் காளீஸ்வரி பொறாமைக்காரி என்பது ஊரறிந்த விஷயம். அவளும் அதை மறைத்ததில்லை. ஆனால் பக்கத்து வயலில் நெல் நன்றாக விளைந்தால் அவளுக்குப் பொறாமை வராது. எதிர்வீட்டில் கார் வாங்கி மாலை போட்டு நிறுத்தினாலும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுடைய பொறாமை மொத்தமும் ஒரே ஆளுக்கென்று ஒதுக்கி வைத்தது. அந்த ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை நடத்தும் தங்கப்பாண்டியனின் மனைவி வெங்கடேஸ்வரி. காளீஸ்வரியோடு ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவள்.

சோழபுரம் சிவனாண்டிக்கு இந்த இரட்டைப் பெண்கள் பிறந்தபோது முதலில் வெளியே வந்தது வெங்கடேஸ்வரி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காளீஸ்வரி வந்தாள். ஆஸ்பத்திரிக் கணக்குப்படி பார்த்தால் வெங்கடேஸ்வரிதான் அக்கா. ஆனால் சிவனாண்டி குடும்பத்தில் இரட்டைக்கு வேறு கணக்கு. முதலில் உண்டானது உள்ளே தள்ளிப் போயிருக்கும், பின்னால் உண்டானது வாசல் பக்கம் இருக்கும், ஆகவே கடைசியில் வருவதுதான் மூத்தது என்பார்கள். அந்தக் கணக்கில் காளீஸ்வரி அக்காவானாள். அவளுடைய வாழ்க்கையின் எல்லாக் கோணலும் அங்கேதான் தொடங்கியது என்பது அவள் கட்சி.

சின்ன வயதில் இருவரையும் பெற்றவளே மாற்றிக் கூப்பிடுவாள். ஒருத்தி செய்த சேட்டைக்கு மற்றவள் அடி வாங்கியிருக்கிறாள். பிறகு கல்யாண வயது வந்தது. மகாராஜபுரத்திலிருந்து பட்டாளத்துக்காரர் வேல்பாண்டியின் சம்பந்தம் முதலில் வந்தது. நஞ்சை, தென்னந்தோப்பு, கிணறு, மாதாமாதம் சர்க்கார் சம்பளம். மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்ய முடியுமா? காளீஸ்வரிக்கு முடித்தார்கள். மறுவருஷம் வெங்கடேஸ்வரியைக் கேட்டு வந்த தங்கப்பாண்டியன், கோவில் தேருக்குப் பக்கத்தில் வேறொருவரிடம் பால்கோவா வாங்கி ஒரு சின்னப் பெட்டிக்கடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தான். மூத்தவளுக்கு அதிர்ஷ்டம், இளையவள் பாடுதான் பாவம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு வருஷம்தான் காளீஸ்வரி நிம்மதியாகத் தூங்கியது.

பிறகு எல்லாம் தலைகீழானது. தங்கப்பாண்டியன் சொந்தமாக அடுப்புப் போட்டான். கடையைப் பெரிதாக்கினான். வெளியூர்களுக்கெல்லாம் பார்சல் போனது. வெங்கடேஸ்வரி கல்லாவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள். இங்கே வேல்பாண்டி லடாக்கிலும் அஸ்ஸாமிலும் காவல் காக்க, அவருடைய வயலைக் காளீஸ்வரி காத்தாள். தண்ணீர் முறைக்கு வாய்க்காலில் நின்றாள், களையெடுத்தாள், கதிர் அறுக்கும் மிஷின்காரனோடு வெயிலில் நின்று சண்டை போட்டாள். கல்யாணத்தின்போது மாநிறத்துக்கும் ஒரு படி மேலாக இருந்த அவள் முகம் கருத்துச் சொரசொரத்துப் போனது. வெங்கடேஸ்வரி மட்டும் தாலி கட்டிய அன்று இருந்த அதே நிறத்தில், அதே வழவழப்பில் இருந்தாள்.

விசேஷ வீடுகள்தான் கொடுமை. இருவரும் சேர்ந்து போனால் யாராவது ஒருத்தி வெங்கடேஸ்வரியிடம், "இவிய ஒங்க மூத்த அக்காவா? எம்புட்டு வயசு வித்தியாசம் இருக்கும்?" என்று கேட்டுவிடுவாள். வெங்கடேஸ்வரி சிரித்துக்கொண்டே, "ஐய, நாங்க ரெட்டைல்லா" என்பாள். கேட்டவள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் காளீஸ்வரிக்கு வயிறு எரியும். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் அந்த எரிச்சல் போகாது.

அவளும் என்னென்னவோ போட்டுப் பார்த்தாள். கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு, டி.வி.யில் காட்டுகிற களிம்பு. ஒரு களிம்பு முகத்தைச் செதில் செதிலாக உரித்து, முன்னிருந்ததைவிட மோசமாக்கிவிட்டுப் போனது. கடைசியில் தனக்குத்தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். இரட்டையில் ரெண்டு தினுசு உண்டாம். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தது ஒரு தினுசு. தனித்தனியாக உண்டாகி ஒரே பையில் கிடந்தது இன்னொரு தினுசு. தாங்கள் இரண்டாவது தினுசுதான் என்று அவள் முடிவு கட்டினாள். கடவுள் அவளுக்கு அந்தத் தோலையும் தனக்கு இந்தத் தோலையும் கொடுத்து அனுப்பிவிட்டார், நாம் என்ன செய்ய முடியும்? இப்படி நினைத்துக்கொண்டால் செத்த நேரம் ஆறுதலாக இருந்தது.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த விபத்து நடந்தது. கடையில் ஆர்டர் குவிந்து கிடந்தது. அடுப்புக்காரர் ஒருவர் காய்ச்சல் என்று வரவில்லை. வெங்கடேஸ்வரி நைலான் சேலையோடு அடுப்பங்கரைக்குப் போய், பால் கிண்டுகிறவருக்கு ஒத்தாசையாக நின்றாள். பாதி சுண்டிக் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்த பால், சட்டி சரிந்து கழுத்திலிருந்து தொடை வரைக்கும் அவள் மேல் கொட்டியது. தண்ணீரா என்றால் வழிந்து ஓடியிருக்கும். சுண்டின பால் அப்படியே ஒட்டிக்கொண்டது. பதறிப்போன ஆட்கள் ஒட்டியிருந்த சேலையை வெடுக்கென்று இழுத்தார்கள். கையில் கிடைத்த நெய்யை எல்லாம் எடுத்து மேலே அப்பினார்கள். பால்கோவாக் கடையில் நெய்க்கா பஞ்சம்? டின் டின்னாகக் கையில் கிடைத்தது. அந்த நெய் சூட்டை உள்ளேயே அடைத்து, புண்ணை இன்னும் ஆழமாக்கிவிட்டது என்று பின்னால் டாக்டர் திட்டினார்.

தங்கப்பாண்டியன் போனில் அழுதபடி விஷயத்தைச் சொன்னபோது காளீஸ்வரி கேட்ட முதல் கேள்வி, "மொகத்துல பட்டிருக்கா?" என்பதுதான்.

"இல்ல மதினி. மொகம் தப்பிச்சிட்டு" என்றான் அவன்.

கவலையில்தான் கேட்டோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டாள். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெங்கடேஸ்வரியை ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மதுரையிலிருந்து டாக்டர் ஜெபா என்ற அம்மாள் அங்கே வந்து தோல் ஆபரேஷன் செய்வார். ஒல்லியான ஆள். பேச்சு மட்டும் கண்டிப்பாக இருக்கும். தங்கப்பாண்டியனையும் காளீஸ்வரியையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"தோல்னா சும்மா போர்வை இல்ல. மேலடுக்கு, அடியடுக்குன்னு இருக்கு. மேலடுக்கு மட்டும் வெந்துச்சுன்னா, அடியில இருக்கிற மயிர்க்காலுல இருந்து புதுத்தோல் முளைச்சு வந்து மூடிரும். இவங்களுக்குப் பெரும்பாலான இடத்துல அடியடுக்கும் போயிருச்சு. முளைக்கிறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்ல. தோல் இல்லாத உடம்புல தண்ணி நிக்காது, சூடு நிக்காது. கிருமி நேரா உள்ள போகும். சீக்கிரம் மூடியாகணும்."

"அவ ஒடம்புலயே வேற எடத்துல இருந்து எடுத்து வைக்க முடியாதா டாக்டர்?" என்று தங்கப்பாண்டியன் கேட்டான்.

"வழக்கமா தொடையில எடுப்போம். தொடையே வெந்து கிடக்கு. முதுகு நல்லாத்தான் இருக்கு. ஆனா சுகர் எகிறி நிக்குது, ஆளும் தளந்துட்டாங்க. அதையும் உரிச்சுப் புண்ணாக்கினா தாங்க மாட்டாங்க." டாக்டர் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "அடுத்தவங்க தோலை வச்சா கொஞ்ச நாள் ஒட்டியிருக்கும். பிறகு உடம்பு கண்டுபிடிச்சு வெளிய தள்ளிரும். பெத்த தாயோட தோலா இருந்தாலும் தள்ளிரும். ஒரே கருவுல பிரிஞ்ச ரெட்டையா இருந்தா மட்டும் தள்ளாது. உடம்புக்கு அது யாரோட தோலுன்னே தெரியாது."

தங்கப்பாண்டியன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிந்த விதமே காளீஸ்வரியைக் கேட்பதுபோல் இருந்தது.

"நாங்க அந்த மாதிரி ரெட்டை இல்ல டாக்டரம்மா" என்றாள் காளீஸ்வரி. "என் நெறத்தைப் பாத்தீயள்ல. அவ நெறத்தையும் பாருங்க."

டாக்டர் அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சேலையை ஒதுக்கச் சொல்லித் தொடையைப் பார்த்தார். பிறகு வெங்கடேஸ்வரியின் கட்டிலுக்கு அழைத்துப்போய், கட்டுப் போடாத தோள்பட்டையை விலக்கிக் காட்டினார். காளீஸ்வரி தன் தொடையை இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்ததே இல்லை. தங்கச்சியின் தோளும் தன் தொடையும் ஒரே நிறத்தில் இருந்தன.

"நிறத்தை உண்டாக்குற அணு எல்லா மனுசங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வெயில் பட்டா அது கூடுதலா வேலை செய்யும். உள்ள இருக்கிறதைக் காப்பாத்துறதுக்காகத் தோல் தானே கருத்துக்கிடும்" என்றார் டாக்டர். "எதுக்கும் ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். அதுவரைக்கும் தற்காலிகமா மூடி வைக்கிறேன்."

ரிசல்ட் வரும்வரை காளீஸ்வரி ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தாள். அவளுக்குக் கிடைத்திருந்த ஒரே சமாதானம் இப்போது ஒரு சின்னக் குப்பி ரத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மேற்கே மலையைப் பார்த்து அய்யனாரைக் கும்பிட்டாள். தங்கச்சி பிழைக்க வேண்டும் என்றுதான் கும்பிட ஆரம்பித்தாள். ரத்தம் ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்றும் கூடவே மனசு வேண்டிக்கொண்டது. இரண்டையும் சேர்த்து வேண்டினால் சாமி எதைச் செய்யும்? பயந்துபோய், கும்பிட்ட கையைப் பாதியிலேயே இறக்கிவிட்டாள்.

ரத்தம் ஒத்துப்போனது. ஒரே கரு, ஒரே தோல்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுக் காளீஸ்வரி ஊருக்கு வந்துவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று தங்கப்பாண்டியனின் முகம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேல்பாண்டி தோப்பில் மோட்டாரைக் கழற்றிப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்திலிருந்து ரிட்டையராகி வந்தவர், அதிகம் பேச மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒன் ஒடம்பு. நான் சொல்லுததுக்கு என்ன இருக்கு" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனா வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு. அவிய காத்துக் கெடப்பாவ" என்றார்.

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. வழக்கமாகத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வாள், அன்று போடவில்லை. இந்த வெயில்தான் அத்தனையையும் செய்தது. தன்னிடம் இருந்ததும் அதே தோல்தான். யாரும் பறிக்கவில்லை, கடவுளும் குறைத்துக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்குப்படி மூத்தவளை நிர்ணயித்திருந்தால், இந்த வரப்பில் வெங்கடேஸ்வரி உட்கார்ந்திருப்பாள், தான் கல்லாவில் உட்கார்ந்திருப்போம். கடை அவளுக்கு, ஃபேன் அவளுக்கு, வழவழப்பான முகம் அவளுக்கு. இப்போது என் தொடைத் தோலும் அவளுக்கா? தரமாட்டேன் என்று சொன்னால் யார் என்ன செய்துவிட முடியும்? அவளுக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது.

பிறகுதான் வேறொன்று உறைத்தது. வெங்கடேஸ்வரி செத்துப்போனால் என்ன ஆகும்? சுவரில் ஒரு போட்டோ மாட்டுவார்கள். மாலை போடுவார்கள். தங்கமாட்டம் இருந்தாளே என்று ஊர் முழுக்கச் சொல்லும். போட்டோவுக்கு வயதாகாது, முகம் சுருங்காது, சாகிறவரைக்கும் அதன் பக்கத்தில் நிற்க வேண்டியது காளீஸ்வரிதான். உயிரோடு இருந்தாலாவது ஒருநாள் அவளுக்கும் நரைக்கும். செத்தவளோடு யார் மல்லுக்கு நிற்பது? நல்லெண்ணத்தில் யோசித்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் அப்படித்தான் யோசித்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பரிபூரணம் என்ற நர்ஸ் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருந்தாள். காளீஸ்வரி இடுக்கு வழியாகப் பார்த்தாள். தோல் போன இடம் ஈரமாக, பச்சை ரத்தமாக இருந்தது. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துப் பொருமிய நிறம் அங்கே இல்லை. துணியைப் பிரிக்கும்போது வெங்கடேஸ்வரி கத்தக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள். அந்த முனகல் சின்ன வயதில் காய்ச்சலில் பக்கத்துப் பாயில் கிடந்து முனகிய அதே குரலில் இருந்தது. காளீஸ்வரி இடுக்கிலிருந்து நகர்ந்து நின்றாள்.

கட்டு முடிந்ததும் உள்ளே போனாள்.

"யக்கா" என்றாள் வெங்கடேஸ்வரி. "டாக்டரம்மா சொன்னாவ. ஒனக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

காளீஸ்வரிக்குக் கோபம் தலைக்கேறியது. சாகக் கிடக்கும்போதும் நல்லவள் என்ற பேரை இவளே வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறாளே. "சும்மா கெட. பெரிய இவ மாதிரி பேசாத" என்று சொல்லிவிட்டு நேராக டாக்டரிடம் போய், "எப்ப எடுக்கீய?" என்று கேட்டாள்.

இரண்டு தடவையாக எடுத்தார்கள். கேரட் சீவுகிற மாதிரி ஒரு மிஷினால் மெல்லிசாகச் சீவி எடுப்பார்கள். மேலடுக்கு முழுசாகவும் அடியடுக்கில் கொஞ்சமும் வரும். மயிர்க்கால்கள் உள்ளேயே தங்கிவிடும், அதிலிருந்து எடுத்த இடத்தில் தானாகப் புதுத்தோல் முளைத்துவிடும். இதையெல்லாம் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வலியைப் பற்றி மட்டும் யாரும் சரியாகச் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்ததும் இரண்டு தொடையிலும் மிளகாயை அரைத்து அப்பியது போல எரிந்தது.

பக்கத்துக் கட்டிலில்தான் வெங்கடேஸ்வரி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து அவள் கட்டிலில் வைத்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். போகிறபோது காளீஸ்வரியின் பக்கம் திரும்பி, "நீ நல்லாருக்கேல்ல?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் சொந்தக்காரி ஒருத்தி உட்கார இடம் தேடி இவள் கட்டில் ஓரத்தில், அதுவும் புண்ணான தொடைக்குப் பக்கத்தில், தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அவளுக்கும் எனக்கு மாதிரி எரியுமா?" என்று காளீஸ்வரி நர்ஸ் பரிபூரணத்திடம் கேட்டாள்.

"தோல் வச்ச எடம் அம்புட்டு எரியாதுக்கா. எடுத்த எடத்துலதான் நரம்பு நுனியெல்லாம் தொறந்து கெடக்கும். ஒங்களுக்குத்தான் கூட எரியும்" என்றாள் அவள்.

அதைக் கேட்டதும் காளீஸ்வரிக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெரிய பங்கு தனக்கு வந்திருக்கிறது.

தோல் ஒட்டிக்கொண்டது. வெங்கடேஸ்வரி பிழைத்துவிட்டாள். கார்த்திகை கழிந்து வீட்டுக்குக் கிளம்பியபோது டாக்டர் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஒட்டவைத்த தோலுக்கு வேர்க்காது, எண்ணெய்ப் பசையும் இருக்காது. தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிச் சுருங்கும். உணர்ச்சி உடனே வராது. நரம்பு மெல்ல மெல்ல உள்ளே வளர்ந்து வர வேண்டும், சிலருக்கு வராமலேயும் போகலாம்.

எண்ணெய் போடும் வேலை காளீஸ்வரிக்கு வந்து சேர்ந்தது. தங்கப்பாண்டியனின் கைக்குப் பயம், அழுத்த மாட்டான். வெங்கடேஸ்வரியின் மகள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். "யக்கா, நீ தேய்ச்சாத்தான் சரியா இருக்கு" என்று வெங்கடேஸ்வரி சொல்லிவிட்டாள். உணர்ச்சியே இல்லாதவளுக்கு யார் தேய்த்தால் என்ன என்று காளீஸ்வரி முணுமுணுத்தாள். ஆனாலும் வயல் வேலை ஓய்ந்த நாளில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடுவாள். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் வெங்கடேஸ்வரி ஜாக்கெட்டைத் தளர்த்திக்கொண்டு உட்காருவாள். காளீஸ்வரி எதிரே உட்கார்ந்து கழுத்திலிருந்து நெஞ்சு வரை அழுத்தி நீவுவாள். வயிற்றுக்கும் தொடைக்கும் வெங்கடேஸ்வரியே போட்டுக்கொள்வாள்.

தன் தோலைத் தானே தடவுவது விசித்திரமாகத்தான் இருந்தது. தொடையில் சேலைக்குள் கிடந்தது, இப்போது பால்கோவாக் கடையின் கல்லாவில், ஃபேன் காற்றில், தங்கச் சங்கிலிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. வெயில் படாது. களை எடுக்காது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். தன்னோடு இருந்த மிச்சத் தோலெல்லாம் வாய்க்கால் வரப்பில் காய்கிறது. காளீஸ்வரிக்குத் தன் சொந்தத் தோலின் மேலேயே பொறாமை வந்தது. இப்படியும் ஒரு பெண்ணுக்குப் பொறாமை வருமா என்று கேட்டால், வந்ததே, என்ன செய்வது?

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. தான் கொடுத்ததை வெங்கடேஸ்வரி ஒரு தடவையாவது உணர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் கூடவே போவாள். டாக்டர் ஜெபா வெங்கடேஸ்வரியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தடவுவார், ஊசி நுனியால் லேசாகத் தொடுவார். "தெரியுதா?" என்பார். "தெரியல டாக்டர்" என்பாள் வெங்கடேஸ்வரி. ஒவ்வொரு தடவையும் இதே பதில். தொடை எரிய எரியக் கொடுத்தது அங்கே மரக்கட்டையாக உட்கார்ந்திருக்கிறதே என்று காளீஸ்வரிக்கு ஆற்றாமையாக இருக்கும்.

வெயில் காலம் போய் ஆடியும் ஆவணியும் கழிந்தன. அதற்குள் ஒட்டவைத்த தோல் நன்றாகக் கருத்துவிட்டது. சில பேருக்கு அப்படிக் கருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புரட்டாசியில் ஒருநாள் காளீஸ்வரி கடைக்குள் நுழையும்போது கல்லாவுக்கு முன்னால் ஒரு அம்மாள் பார்சலுக்காகக் காத்து நின்றாள். வாடிக்கைக்காரி போலிருக்கிறது. வெங்கடேஸ்வரியின் கழுத்தைப் பார்த்து, "கொஞ்சங்கூட நெறம் கொறையல ஒங்களுக்கு. இந்தக் கழுத்து மட்டும் கருத்துப்போச்சு. அது ஒங்க அக்கா தோலுன்னு சொன்னாவ, அதான் போல" என்றாள்.

வெங்கடேஸ்வரி சிரித்தாள். "ஆமா" என்று மட்டும் சொன்னாள்.

காளீஸ்வரி பின்னறைக்குப் போய் எண்ணெயை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆமாவாம். ஒரே தோல் என்று ரத்தத்தைப் பார்த்துச் சொன்ன பிறகும் ஆமாவாம். அழகெல்லாம் அவளுடையது, கருத்துப்போன துண்டு மட்டும் அக்காவுடையது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

வெங்கடேஸ்வரி வந்து உட்கார்ந்தாள். ஜீனி விலை ஏறிப்போனதைப் பற்றியும், மகள் தீபாவளிக்கு வருவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனாள். காளீஸ்வரி நீவினாள். கழுத்துக்குக் கீழே, சங்கிலி உரசுகிற இடத்துக்கு வந்தபோது அவள் விரல்கள் நின்றன. இவளுக்கென்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அந்தத் தோலைப் பிடித்துக் கிள்ளினாள். முதலில் லேசாக. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நகம் இறங்குகிற அளவுக்கு.

வெங்கடேஸ்வரியின் பேச்சு ஒரு சொல்லில் தடுக்கியது. உடனே, "இந்தத் தடவை அவளுக்குச் சுடிதார் எடுக்கணும்" என்று தொடர்ந்தாள். குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் காளீஸ்வரி நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண் இரண்டும் நிறைந்து நின்றன.

காளீஸ்வரி கையை எடுத்துவிட்டாள். நகம் பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது.

"ஏட்டி, ஒனக்கு வலிக்குதா?"

வெங்கடேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வலிக்காம இருக்குமா?"

"எப்பத்துல இருந்து?"

"ஆடியில இருந்து."

"டாக்டரம்மா ஊசிய வச்சு வச்சுக் கேட்டாவளே. தெரியலன்னு சொன்னியே."

"நீயும் பக்கத்துல நின்னியே."

காளீஸ்வரிக்குப் புரியவில்லை. வெங்கடேஸ்வரி மடியில் கிடந்த கையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். "உணர்ச்சி வந்துட்டுன்னா கொணமாயிட்டுன்னு அர்த்தம். பொறவு நீ எதுக்கு பஸ் ஏறி வரப்போற? கல்யாணம் ஆகி இம்புட்டு வருசத்துல ஒரு நாளாவது வந்து என் பக்கத்துல உக்காந்திருக்கியா?"

முன்கடையில் யாரோ அரைக் கிலோ கேட்டார்கள். தங்கப்பாண்டியன் டப்பாவை எடுக்கிற சத்தம் கேட்டது. காளீஸ்வரி எண்ணெய்ப் பிசுக்குள்ள தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கேட்டுவிட்டாள்.

"கிள்ளுதேன்னு தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

"வேற என்ன செய்ய" என்றாள் வெங்கடேஸ்வரி.

காளீஸ்வரி இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினாள். சிவந்த இடத்தைச் சுற்றி முதலில் தடவினாள், பிறகு அதன் மேலேயும் தடவினாள். அழுத்தாமல் மெதுவாகத் தடவினாள். கழுத்து முடிந்தது, நெஞ்சு முடிந்தது. அவள் தேய்க்க வேண்டிய இடமெல்லாம் முடிந்துவிட்டது. எண்ணெய்க் குப்பியை மூடப்போனவள் மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"திரும்பி உக்காரு" என்றாள். "முதுகுல இன்னும் தேய்க்கல."

முதுகில் ஒரு காயமும் கிடையாது. வெங்கடேஸ்வரி அதைச் சொல்லாமல் திரும்பி உட்கார்ந்தாள்.